நான்கு கறுத்த பிளக்குகள்

பட்டாசுக்குத் தடை உள்ள தீவில்
நான் மட்டும் தினமும் வெடிக்கிறேன்.
விடிகாலை நாலே கால்,
ஈசூன், அடுக்கு வாகன நிறுத்தத்தின் மூன்றாம் தளம்.
சரிவில் இறங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலெடுக்கும் கணம்
'டப்'.
பிறகு, சொல்ல மறந்ததைத் திரும்பி வந்து சொல்வதுபோல்
இன்னொரு 'டப்'.

வைப்பரில் ஒரு தாள் செருகியிருந்தது.
"கைக்குழந்தை இருக்கிறது. தயவுசெய்து."
வீட்டு எண் எழுதவில்லை.
அன்றிலிருந்து மின்தூக்கியில்
தள்ளுவண்டியோடு யார் ஏறினாலும்
மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு நிற்கிறேன்.

பகலில் நான் ஓட்டுவது மின்பேருந்து.
சத்தமில்லை, புகையில்லை,
உடம்புக்கு என்ன என்று திரையில் அதுவே எழுதிக் காட்டும்.
என் எண்பத்தாறாம் வருடத்துச் சன்னிக்குத்
திரை கிடையாது.
இருமல்தான்.

ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
டிப்போவில் ஷஹ்ரில், "காயில் போய்விட்டது" என்றார்.
காயிலை மாற்றினேன்.
கொழுந்தன் தயாபரன், "ஜொகூர் பெட்ரோல் ஒத்துக்கொள்ளவில்லை" என்றான்.
பாலம் தாண்டி எட்டு மாதமாகிறது என்றேன்.
"அதுதான் காரணம்."
சின் மிங் பட்டறையில் கியாட்
பொறி விழும் நேரத்தை இரண்டு டிகிரி தள்ளிவைத்து,
புதுப் பிளக்குகள் நான்கு போட்டு,
"சி.ஓ.இ. முடிய இன்னும் பதினான்கு மாதம்.
இரும்புக்காவது விற்றுவிடு" என்றார்.
ஒன்பதாம் நாள் புதியவையும் திணறின.

ஓய்வு நாள்.
நகரமன்றத்து ஆள் வரமாட்டார் என்ற நம்பிக்கையில்
நேற்றைய முரசை விரித்து
நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன்.
ஒன்று மட்டும் எண்ணெயில் ஊறியிருந்தால்
அந்த உருளையின் வளையம் தேய்ந்ததென்று அழுதிருப்பேன்.
வெளுத்திருந்தால்
காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறதென்று தேடியிருப்பேன்.
நான்கும் ஒரே கறுப்பு.
உலர்ந்த கறுப்பு, தொட்டுக்
கண்ணுக்கு இட்டுக்கொள்ளலாம் போல.
நாலு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால்
சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

தனித்தனியாக விசாரிப்பதை விட்டு
எல்லோருக்கும் சோறு போடும் இடத்துக்குப் போனேன்.
பிளக்குகளைத் துடைத்து மாட்டி
இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு
காற்றுவடிகட்டியின் மூடியைத் திறந்து
கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்தேன்.

சோக் தகடு
இன்னும் முக்கால்வாசி மூடியே கிடந்தது.

குளிர்ந்த இன்ஜினுக்கு முதல் சில நிமிடம்
காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் கதவு அது.
சூடு ஏறினால் தானே திறக்க வேண்டும்.
அதன் சுருளைச் சூடாக்கும் ஒற்றை வயர், நீல நிறம்,
கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்து மூன்று டிகிரியில்
சட்டை முதுகோடு ஒட்டிய மத்தியானத்தில்
குளிர்காலமே வராத தீவில்
தனக்குக் குளிர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறது என் வண்டி.
நம்பியபடியே தின்றிருக்கிறது.
செரிக்காததைப் புகைக்குழாய்க்கு அனுப்பியிருக்கிறது.
அங்கே கேஸ்கெட் விரிசல் வழியே காற்று வந்து சேர
மிச்சம் மீதி பற்றிக்கொண்டு
'டப்'.

யார் கழற்றியது என்று யோசித்தேன்.
கியாட் அந்தப் பக்கம் போகவே இல்லை.
ஜூன் மாதம் வடிகட்டி மாற்றியது ஒருத்தி,
கூலி மிச்சம் என்று,
யூடியூப் பார்த்து, முழங்கையால் எதையோ இடித்து.
அவளைப் பற்றித் தயாபரனிடம் சொல்லப்போவதில்லை.

வயரை மாட்டினேன்.
தகடு, தூக்கம் கலையும் இமைபோல்
கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது.
கேஸ்கெட் பதினெட்டு வெள்ளி.

திங்கள், நாலே கால்.
சரிவில் காலை எடுத்தேன்.
மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.
ஒன்றுமில்லை. டயர் உருளும் சத்தம் மட்டும்.

மேலே ஏதோ ஒரு மாடியில்
குழந்தை வீறிட்டு அழுதது.

இந்த முறை நானில்லை.